அனுபவம் எந்தக் கடையில் கிடைக்கும்?

கொஞ்சம் நீளமான பதிவு. மூன்று நாளாக ஒற்றை விரலால் தட்டியது, அதனால் எழுத்துப் பிழை இருந்தால் மன்னிக்கவும். உங்கள் விடைத்தாளில் நான் போட்ட சிவப்பு மைக்கு இதில் பழி தீர்த்துக்கொள்ளலாம்.

போன மாதம் நம் உறவுக்காரப் பையன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். யார் என்று யாரும் கேட்க வேண்டாம். அவனிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். 2023-ல் பி.இ. மெக்கானிக்கல் முடித்தவன். அரியர் எல்லாம் எழுதி முடித்துவிட்டான், மதிப்பெண்ணும் மோசமில்லை. ஒரு வருடத்துக்கு மேலாக வேலை தேடுகிறான். ஓசூர் சிப்காட்டில் கேட் கேட்டாக ஏறி இறங்கியிருக்கிறான். செக்யூரிட்டி பயோடேட்டாவை வாங்கி மேசையில் அடுக்கிவைப்பார், அதோடு சரி. உள்ளே கூப்பிட்ட இரண்டு மூன்று இடத்திலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எக்ஸ்பீரியன்ஸ் எத்தனை வருஷம்?"

"வேலை கொடுத்தாத்தானே மாமா அனுபவம் வரும்? அனுபவம் இருந்தாத்தான் வேலைங்கறாங்க. நான் எங்க போறது?" என்றான். பிறகு ஃபைலிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினான். ஏதோ ஒரு சின்னப் பட்டறையின் லெட்டர்பேடு. இந்தப் பையன் அங்கே தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் ஒரு வருடம் வேலை பார்த்ததாகவும், நடத்தை நன்று என்றும் எழுதி, சீல் போட்டுக் கையெழுத்திட்டிருந்தது. எட்டாயிரம் ரூபாயாம். அவன் அம்மா கம்மலை வைத்துக் கொடுத்த பணம்.

பழைய வாத்தியார் பழக்கம், தேதியைத்தான் முதலில் பார்த்தேன். வேலையில் சேர்ந்த நாள் 2.10.2023. "ஏன்டா, காந்தி ஜெயந்தி அன்னிக்கு எந்தக் கம்பெனிடா ஆள் சேர்த்தான்?" என்று கேட்டேன். முகம் செத்துப்போயிற்று. எனக்கும் கேட்டிருக்க வேண்டாமோ என்று ஆகிவிட்டது.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இந்த ஊர் ஒரு காலத்தில் அனுபவமே இல்லாத பிள்ளைகளை வைத்துக் கட்டப்பட்ட ஊர். கண்ணால் பார்த்தவன் நான். அதை அவனிடம் சொன்னேன். அவன் முழுசாகக் கேட்டானா தெரியாது. உங்களுக்கும் சொல்லிவைக்கிறேன்.

நான் 1981-ல் ஓசூர் தாலுகாவுக்கு இயற்பியல் ஆசிரியராக வந்தேன். அப்போது இது தருமபுரி மாவட்டம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில்தான். தருமபுரி மாவட்டத்துக்கு மாறுதல் என்றால் தண்டனை என்று ஆசிரியர்கள் நடுவே பேச்சு இருந்த காலம். வந்து பார்த்தால் குளிர்ந்த காற்று, ராகிக் களி, பட்டுப்பூச்சி வளர்க்கும் வீடுகள். வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கு, கால்வாசி கன்னடம். நியூட்டன் விதியை மூன்று மொழியில் சொல்லக் கற்றுக்கொண்டது இங்கேதான்.

தமிழ்நாடு அரசு 1971-ல் சிப்காட்டை உருவாக்கியது. பின்தங்கிய பகுதிகளில் நிலத்தை மொத்தமாக எடுத்து, சாலை, தண்ணீர், மின்சாரம் போட்டுத் தொழிற்சாலைகளுக்குக் கொடுப்பது அதன் வேலை. அந்தத் திட்டத்தில் ஓசூருக்கும் இடம் கிடைத்தது. நாற்பது கிலோமீட்டரில் பெங்களூர், தங்கநாற்கரம் வருவதற்கு முன்பே பெரிய நெடுஞ்சாலை, விலை குறைந்த நிலம், பின்தங்கிய பகுதிக்கான சலுகைகள். மூக்கண்டப்பள்ளி, ஜூஜுவாடிப் பக்கம் கேழ்வரகுக் கொல்லையாக இருந்த இடமெல்லாம் ஷெட்டாக எழுந்தது. 1980-ல் அசோக் லேலண்ட் இங்கே ஆலை திறந்தது. அதே வருடம் டி.வி.எஸ். 50 மொபெட் ஓசூரிலிருந்து வெளியே வந்தது. எங்கள் தலைமையாசிரியர் ஒன்று வாங்கிப் பள்ளி வளாகத்தையே மூன்று சுற்றுச் சுற்றினார், அது தனிக் கதை.

கவனிக்க வேண்டியது இதுதான். அன்றைக்கு ஓசூரில் தொழிற்சாலை அனுபவம் உள்ளவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? எண்ணூரிலிருந்தும் பாடியிலிருந்தும் மூத்தவர்கள் சிலர் வந்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் பெங்களூரில் எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பி.இ.எல். என்று பெரிய பெரிய பொதுத்துறை நிறுவனங்கள் இருந்தன. ஆனால் அங்கே அரசாங்க வேலையில் உட்கார்ந்தவர் அதை விட்டுவிட்டு இங்கே வருவாரா? ஆக, கம்பெனிகளுக்கு வேறு வழியில்லை. டிப்ளமா முடித்தவன், ஐ.டி.ஐ. முடித்தவன், புதிதாகப் பட்டம் வாங்கியவன் என்று பச்சைப் பிள்ளைகளை எடுத்து, தாங்களே சம்பளம் கொடுத்து, தாங்களே கற்றுக்கொடுத்தார்கள். மைக்ரோமீட்டரைக் கையில் பிடிக்கத் தெரியாதவனுக்கு மைக்ரோமீட்டர் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது கம்பெனிச் செலவு. அந்த முதல் வருடச் செலவு யார் தலையில் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறேன்.

இதில் நான் ஆச்சரியத்தோடு பார்த்தது டைட்டன். 1984-ல் டாடா குழுமமும், தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து ஆரம்பித்த நிறுவனம். 1987-ல் கடிகாரம் கடைக்கு வந்துவிட்டது. தலைமை ஏற்றவர் செர்க்செஸ் தேசாய். கடிகாரம் செய்து பழகிய கைகள் வேண்டுமென்றால், 1961-லிருந்தே பெங்களூரில் கடிகாரம் செய்துகொண்டிருந்த எச்.எம்.டி. பக்கத்திலேயே இருந்தது. அங்கிருந்து சில மூத்தவர்கள் வரவும் செய்தார்கள். ஆனால் அசெம்ப்ளி மேசையில் உட்கார்ந்தவர்களில் ஏராளமானோர் பிளஸ் டூ முடித்த பதினெட்டு வயதுக் கிராமத்துப் பிள்ளைகள். ஆணும் பெண்ணுமாக. தருமபுரி மாவட்டத்து ஊர்களிலிருந்தும் சுற்றியிருந்த மாவட்டங்களிலிருந்தும் வந்தார்கள். வீட்டைவிட்டு வெளியே தங்கியறியாத பிள்ளைகள் என்பதால், வீடு பிடித்து, பெற்றோர் ஸ்தானத்தில் ஒரு தம்பதியை உடன் தங்கவைத்துப் பார்த்துக்கொண்டார்கள். சிறு இடுக்கியால் கடுகைவிடச் சின்ன பாகத்தை எடுத்துவைக்கும் வேலை. முன் அனுபவம் இல்லாதது அங்கே குறையாக இல்லை. பழைய பழக்கம் எதையும் கழற்ற வேண்டியதில்லையே!

"பொட்டப்புள்ளய ராத்திரி ஷிப்டுக்கு அனுப்புறதா?" என்று ஊரில் கேட்டவர்கள், பிறகு அதே பிள்ளைகள் கட்டிய வீட்டின் கிரகப்பிரவேசத்துக்குப் போய்ச் சாப்பிட்டதையும் பார்த்தேன்.

அனுபவமில்லாத பிள்ளையை எடுத்து வேலையிலேயே பழக்குவது ஓசூர் கண்டுபிடித்ததும் இல்லை. நம் மண்ணில் இதற்கு 230 வருட வரலாறு இருக்கிறது. 1792-ல் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்தில் பாராமகாலைக் கும்பெனியிடம் கொடுத்தார். பாராமகால் என்றால் இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர்ப் பக்கம். ஓசூர் மட்டும் 1799 வரை திப்புவின் கையில்தான். அப்போதும் நாம் எல்லைக்காரர்கள்தான்! கும்பெனிக்குப் புதிதாக நிலம் வந்துகொண்டே இருந்தது. வரி போட வேண்டுமானால் அளக்க வேண்டும். அளக்கத் தெரிந்த ஆள் போதவில்லை. சீமையிலிருந்து வரவழைத்தால் செலவு. மைக்கேல் டாப்பிங் என்ற வானியலாளர் ஒரு யோசனை சொன்னார். 1794-ல் சென்னையில் ஒரு சர்வே பள்ளி தொடங்கியது. முதலில் சேர்ந்தவர்கள் எட்டே எட்டுப் பையன்கள், அனாதை விடுதியிலிருந்து வந்தவர்கள். பாடமும் படிக்க வேண்டும், சங்கிலியைப் பிடித்து நிலமும் அளக்க வேண்டும். அந்தப் பள்ளிதான் வளர்ந்து வளர்ந்து இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி. சிபாரிசும் இல்லை, அனுபவமும் இல்லை, அப்பா அம்மாவும் இல்லை. தமிழ்நாட்டுப் பொறியியல் படிப்பின் முதல் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் அவர்கள்.

1850-ல் கும்பெனி ஆட்சி ஒரு அப்ரண்டிஸ் சட்டமே போட்டது. அதுவும் அனாதைப் பிள்ளைகளையும் ஏழைப் பிள்ளைகளையும் ஒரு தொழிலில் சேர்த்துவிடுவதற்குத்தான். நம் ஜனங்கள் மனதில் அப்ரண்டிஸ் என்றால் கொஞ்சம் இளக்காரமாகத் தோன்றுவதற்கு இதிலிருந்தே ஒரு வேர் இருக்கலாம் என்பது என் ஊகம். சுதந்திரத்துக்குப் பிறகு 1961-ல் புதிய அப்ரண்டிஸ் சட்டம் வந்தது. முதலில் பிட்டர், டர்னர், வெல்டர் மாதிரியான தொழில்களுக்கு மட்டும். 1973-ல் அதைத் திருத்தி, பொறியியல் பட்டதாரிகளையும் டிப்ளமா படித்தவர்களையும் சேர்த்தார்கள். படித்த இன்ஜினியர்கள் வேலையில்லாமல் நின்ற காலம் அது. ஒரு வருடப் பயிற்சி, மாதாமாதம் உதவித்தொகை. குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு கம்பெனிக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். மேற்பார்வைக்கு மும்பை, கொல்கத்தா, கான்பூர், சென்னை என்று நான்கு இடத்தில் வாரியங்கள். நம்முடையது சென்னை தரமணியில்.

நல்ல சட்டம்தான். ஆனால் உள்ளே ஒரு முள் உண்டு. 22-ம் பிரிவு. பயிற்சி முடித்தவனுக்கு வேலை கொடுக்கும் கட்டாயம் கம்பெனிக்கு இல்லை என்று அது சொல்லிவிட்டது. 18-ம் பிரிவு இன்னொன்று சொன்னது: அப்ரண்டிஸ் பயிற்சியாளன், தொழிலாளி இல்லை, தொழிலாளர் சட்டங்கள் பொதுவாக அவனுக்குச் செல்லாது. ஒரு வருடம் உழைத்துவிட்டு வெளியே வந்து நிற்பவன் என்ன செய்வான்? இந்த வழக்கு உத்தரப்பிரதேசப் போக்குவரத்துக் கழகப் பயிற்சியாளர்கள் மூலம் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1995-ல் தீர்ப்பு வந்தது: மற்ற தகுதிகள் சமமாக இருந்தால், நேரடியாக வருபவனைவிடப் பயிற்சி பெற்றவனுக்கு முன்னுரிமை தர வேண்டும். வேலையே கொடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. 2014-ல் சட்டத்தைத் திருத்தியபோதும், அப்ரண்டிஸ்களை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு முதலாளியும் தனக்கென்று ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்றுதான் எழுதினார்கள்.

இப்போது என் தவறைச் சொல்ல வேண்டும். இத்தனை நேரம் வரலாறு பேசியதே இதைத் தள்ளிப்போடத்தான் என்று என் வீட்டம்மா சொல்கிறார்.

1988. என்னிடம் படித்த ஒரு பையன் டிப்ளமா முடித்திருந்தான். அவன் ஊரிலேயே முதல் டிப்ளமா. அப்பா குத்தகை நிலத்தில் தக்காளி போடுபவர். ஒரு கம்பெனியிலிருந்து அப்ரண்டிஸாகச் சேரச் சொல்லிக் கடிதம் வந்தது. அப்பாவும் மகனும் சாயங்காலம் பள்ளிக்கே வந்து, மரத்தடியில் நின்றுகொண்டு கேட்டார்கள்: "சார், அப்ரண்டிஸ்னு வந்திருக்குங்க. போலாங்களா, வேணாங்களா?" நான் உதவித்தொகை எவ்வளவு என்று பார்த்தேன். அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போய்விடும். "மூணு வருஷம் படிச்சு முடிச்சவன் மறுபடி எதுக்குப் பயிற்சின்னு போகணும்? வருஷக் கடைசியில வெளிய அனுப்பிடுவாங்க. பர்மனென்ட் வேலையா வரட்டும், பொறுங்க" என்றேன். 22-ம் பிரிவெல்லாம் எனக்கு அன்றைக்குத் தெரியாது. ஆனாலும் தெரிந்தவன் மாதிரிச் சொன்னேன். வாத்தியார் வாக்கு என்று அவர்களும் திரும்பிப் போனார்கள்.

அவன் பொறுத்தான். தருமபுரி எம்ப்ளாய்மென்ட் ஆபீஸில் பதிந்துவைத்தான். 1959-ம் வருடச் சட்டப்படி அப்போது 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனம் காலியிடத்தை அங்கே தெரிவிக்க வேண்டியிருந்தது. அங்கிருந்துதான் ஆள் எடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. இந்த வித்தியாசம் அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இரண்டு வருடம் போயிற்று. அதற்குள் அடுத்த இரண்டு பேட்ச் டிப்ளமாக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள். "ரெண்டு வருஷம் என்ன பண்ணினே?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவனோடு படித்து, அதே கம்பெனியில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தவனை வருடக் கடைசியில் அங்கே எடுக்கவில்லைதான். ஆனால் அந்தச் சான்றிதழைக் காட்டி பொம்மசந்திராவில் வேறொரு கம்பெனியில் சேர்ந்துவிட்டான். நம்மாள் கடைசியில் வண்டி உதிரிபாகக் கடை வைத்தான். நன்றாகத்தான் இருக்கிறான், பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டான். என் ஒவ்வொரு பதிவுக்கும் "வணக்கம் சார்" என்று போடுவான். இதையும் படிப்பான். தம்பி, அன்றைக்கு நான் சொன்னது தப்பு. நேரில் சொல்ல நாலைந்து தடவை முயன்று, சொல்லாமலே டீ குடித்துவிட்டு வந்திருக்கிறேன்.

சரி, பச்சைப் பிள்ளைகளை அள்ளி எடுத்த அதே ஊர் எப்போது "எக்ஸ்பீரியன்ஸ் எத்தனை வருஷம்" என்று கேட்க ஆரம்பித்தது? ஒரு நாளில் மாறியதில்லை. நான் வேலைக்கு வந்தபோது தமிழ்நாட்டில் இருந்த பொறியியல் கல்லூரிகள் ஒரு டஜனைச் சுற்றித்தான். எண்பதுகளின் நடுவில் சுயநிதிக் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தது. நம் ஓசூரில் 1987-ல் அதியமான் கல்லூரி வந்தது. 1994-ல் பர்கூரில் அரசுப் பொறியியல் கல்லூரி வந்தது. மாநிலம் முழுக்க 500-ஐத் தாண்டிய காலமும் வந்தது. எங்கள் பள்ளியிலிருந்து வருடத்துக்கு ஒருவன் இன்ஜினியரிங் போனால் இனிப்பு கொடுத்தோம். பிறகு வகுப்புக்கு இருபது பேர் போனார்கள், இனிப்புக்கு யாரும் ஏங்கவில்லை. இன்னொரு பக்கம் 1991-க்குப் பிறகு கம்பெனிகளுக்குப் போட்டி கூடியது. நிரந்தர ஆட்களைக் குறைத்து, ஒப்பந்த ஆட்களைக் கூட்டினார்கள். அதற்குள் ஊரில் அனுபவசாலிகளும் பெருகியிருந்தார்கள், பெரிய கம்பெனிகள் எண்பதுகளில் தங்கள் செலவில் பழக்கிய அதே கைகள். பக்கத்துக் கம்பெனிக்காரன் பழக்கிய ஆளைக் கொஞ்சம் கூடக் கொடுத்து இழுத்துக்கொள்ள முடியும்போது, புதுப்பையனுக்கு ஒரு வருடம் யார் செலவழிப்பார்கள்?

நடுவே ஒரு பதினைந்து வருடம் கணினிக் கம்பெனிகள் வந்து காப்பாற்றின. 1978-ல் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் தொடங்கிய எலக்ட்ரானிக்ஸ் சிட்டி நம் ஓசூர் ரோட்டில்தான் இருக்கிறது. மெக்கானிக்கலோ சிவிலோ, கேம்பஸில் கூட்டம் கூட்டமாக எடுத்து, மைசூரில் மாதக்கணக்கில் உட்கார்த்திவைத்துச் சம்பளமும் கொடுத்துக் கற்றுக்கொடுத்தார்கள். டைட்டன் செய்ததும் இதுவும் கணக்கில் ஒன்றுதான். முதல் வருடம் கம்பெனி செலவு. அந்தக் கூட்டமும் இப்போது குறைந்துவிட்டது.

ஆக, முதலில் கம்பெனி கொடுத்தது, 1973-க்குப் பிறகு பாதியை அரசாங்கமும் பகிர்ந்துகொண்டது. இன்றைக்கு அந்தச் செலவு வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. வேலை கிடைக்கும்வரை பி.ஜி.யில் தங்கும் வாடகை, கேட் டிசைன் வகுப்புக்குக் கட்டணம், "ட்ரெயினிங் ஃபீஸ்" என்று கேட்கும் கன்சல்டன்சி, கடைசியில் எட்டாயிரம் ரூபாய்க் கடிதம். (கேட் என்றால் கணினியில் வரைபடம் போடும் கேட், தொழிற்சாலை கேட் இல்லை. என் வீட்டம்மாவுக்கு வந்த சந்தேகம்.) நம் பையன் ஒன்றரை வருடமாகக் கட்டிக்கொண்டிருப்பது அந்தப் பழைய செலவைத்தான்.

எல்லைக்காரனுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ஜூஜுவாடி தாண்டினால் அத்திப்பள்ளி, அப்புறம் பொம்மசந்திரா, ஜிகினி. நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் தினம் போய்வருகிறார்கள். ஆனால் அங்கே உள்ளூர்க்காரருக்கே வேலை என்ற குரல் பழையது. சரோஜினி மகிஷி குழுவின் அறிக்கை எண்பதுகளிலேயே வந்தது. 2024 ஜூலையில் கர்நாடக அமைச்சரவை தனியார் நிறுவனங்களில் உள்ளூர்க்காரருக்கு நிர்வாகப் பணிகளில் 50 சதவீதமும் மற்றவற்றில் 70 சதவீதமும் ஒதுக்கும் மசோதாவுக்கு ஒப்புதல் கொடுத்து, எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்திவைத்தது. அவர்களைக் குறை சொல்லவில்லை. இந்தப் பக்கமும் அதே குரல் கேட்கிறது. வேலை குறைவாக இருக்கும்போது எல்லைக்கோடு தடிமனாகத் தெரியும்.

இனி அந்தக் கடிதத்துக்கு வருகிறேன்.

மறுநாள் காலை பையனை உட்காரவைத்து, அப்ரண்டிஸ் விதிகளை அவன் போனிலேயே தேடிப் படிக்கச் சொன்னேன். 2019 விதிகளின்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் மொத்த ஆட்களில் இரண்டரை முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுத்தே ஆக வேண்டும். பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை அன்று 9,000 ரூபாய் என்று வைத்தார்கள். பாதி அரசாங்கத்துடையது. சென்னை வாரியத்தின் கீழ் தென் மாநிலங்கள் எல்லாமே வரும், கர்நாடகமும் சேர்த்து. ஓசூர்ப் பையன் பொம்மசந்திராவில் பயிற்சி எடுத்தாலும் சான்றிதழ் கொடுப்பது அதே வாரியம். இதில் மட்டும் எல்லைக்கோடு இல்லை.

தகுதிப் பகுதிக்கு வந்தபோது அவன் படிப்பதை நிறுத்தினான். மறுபடி படித்தான். ஏற்கெனவே ஒரு வருடமோ அதற்கு மேலோ பயிற்சியோ வேலை அனுபவமோ உள்ளவர் இதில் சேர முடியாது. "அனுபவம் இல்லாதவன் மட்டும் வா" என்று சட்டப்படி திறந்திருக்கும் வாசல் இது. எட்டாயிரம் கொடுத்து வாங்கிய கடிதத்தை எங்காவது நீட்டியிருந்தால், அந்த வாசலையும் தன் கையாலேயே சாத்தியிருப்பான்.

"அப்ப இத வெச்சு வேற கம்பெனி போனா?" என்றான், கொஞ்சம் நப்பாசையோடு. இப்போதெல்லாம் கடிதத்தை நம்பி யாரும் எடுப்பதில்லை. 2014-லிருந்து வருங்கால வைப்பு நிதியில் ஒவ்வொருவருக்கும் ஒரே யு.ஏ.என். எண். எந்தக் கம்பெனியில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று எல்லாம் அதில் வந்துவிடும். ஒரு வருடம் வேலை பார்த்தேன் என்பவனுக்கு அதில் ஒரு மாதம்கூட இல்லை என்றால் முதல் கேள்வியே அங்கேதான். சேர்ந்து ஆறு மாதம் கழித்துக் கண்டுபிடித்து வெளியே அனுப்பிய கதைகள் என் பழைய மாணவர்களே சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் சிலர் இன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து சரிபார்ப்பவர்கள். அப்ரண்டிஸுக்கும் பி.எஃப். பிடிப்பதில்லை, உண்மைதான். ஆனால் அவன் கையில் வாரியத்தின் சான்றிதழ் இருக்கும், பதிவு எண்ணோடு.

அப்ரண்டிஸ் என்றால் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. நிரந்தர ஆள் செய்யும் வேலையை அப்ரண்டிஸ் தலையில் கட்டி, கற்றுக்கொடுக்காமலே வருடத்தை ஓட்டி, அடுத்த கூட்டத்தை எடுக்கும் இடங்கள் உண்டு. பெட்டி தூக்கியே பத்து மாதம் போயிற்று என்று என்னிடம் அழுத பெண் உண்டு. 22-ம் பிரிவு அப்படிப்பட்டவர்களுக்கு வசதி. அதனால் சேரும் முன் அங்கே போன வருடம் பயிற்சி எடுத்தவன் ஒருவனைப் பிடித்து, "உன்னை எந்த மெஷினில் விட்டார்கள்? உன் பேட்சில் எத்தனை பேரை எடுத்தார்கள்?" என்று கேட்டுவிட்டுப் போகச் சொன்னேன். 1988-ல் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

பையன் கேட்டான். சிப்காட்டில் இரண்டாவது கட்டத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனி. பெயர் வேண்டாம். போன வருடம் பன்னிரண்டு பேரில் ஐந்து பேரை எடுத்திருக்கிறார்கள். ஐந்து பெரிய எண்ணா, சின்ன எண்ணா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவன் அம்மாவுக்குச் சின்னதாகப் படுகிறது. "பி.இ. படிக்கவெச்சது ஒம்பதாயிரத்துக்கா அண்ணா?" என்று போனில் கேட்டாள். 1988-ல் மரத்தடியில் நின்ற அந்த அப்பா கேட்காமல் விட்ட கேள்வி. இந்தத் தடவை எனக்குப் பதில் உடனே வரவில்லை. கம்மலை மீட்க நான் கொஞ்சம் கொடுக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். வேண்டாம் என்று வைத்துவிட்டாள்.

கடிதத்தை அவன் கிழித்தானா, பீரோவில் வைத்திருக்கிறானா என்று நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அவனுக்கு முதல் ஷிப்ட், காலை ஆறு மணி. ராயக்கோட்டை ரோட்டில் கம்பெனி பஸ் ஐந்தே காலுக்கு வருகிறதாம். பாதுகாப்பு ஷூ அவனே வாங்கிக்கொள்ள வேண்டுமா, அங்கே கொடுப்பார்களா என்று தெரியவில்லை. சிப்காட்டில் இருக்கும் மாணவர்கள் யாராவது தெரிந்தால் கீழே எழுதுங்கள். ஒன்பதாம் நம்பர்.